மலைக்கு ஏறாத ரத்தம்

என் வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் ரத்தம் தேங்கி நின்றது. வேறு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். ரத்தக்குழாயில் ஓட வேண்டியது வயிற்றுக்குள் குளம் கட்டி நின்றால் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த நிலையில், பாதிக் கண் மூடி ஸ்ட்ரெச்சரில் கிடந்த என்னிடம் ஒரு டாக்டர் கேட்டார்: "நீங்களே நர்ஸ். உங்களுக்குக்கூடவா தெரியாது? ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தீங்க?"

பதில் சொல்ல அன்று நாக்கு எழவில்லை. நான்கு மாதம் ஆகிவிட்டது. தையல் ஆறிவிட்டது. இப்போது எழுகிறது.

என் பெயர் ஜெயந்தி. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், பதினொரு வருடமாகக் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கீழே, செங்கம் பக்கம். கணவர் சேகர் அங்கே எரிந்த தண்ணீர் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. நான் வாரத்தில் ஐந்து நாள் மலையில், துணை சுகாதார நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருப்பேன்.

என் வேலையில் பாதி, கர்ப்பிணிகளின் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பது. ரத்தம் சிவப்பாக இருப்பதே அந்தப் பொருளால்தான். மூச்சில் உள்ளே போகும் பிராணவாயுவைச் சுமந்து மூளை, இதயம், வயிற்றுப் பிள்ளை என்று எல்லா இடத்திலும் சேர்ப்பது அதுதான். பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் நல்லது. மலையில் நான் பார்ப்பது எட்டு, ஒன்பது. சில நாள் ஏழு. "மாத்திரை குடுத்தேனே, முழுங்கினியா, அடுப்புல போட்டியா?" என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜீப் போகிற வரை ஜீப்பில் போய், அதற்கு மேல் நடந்தேன். காலையிலிருந்தே அடிவயிற்றில் வலது பக்கம் ஒரு வலி. பிறகு வலது தோளிலும் வலித்தது. பெட்டி கனம் என்று நினைத்தேன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மேலே ஏறினால் தோள் வலிக்கும் என்பது எனக்குப் பாடத்தில் படித்த விஷயம். மாதவிலக்கு இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. முப்பத்தெட்டு வயதாகிறது, இனி இப்படித்தான் முன்னே பின்னே ஆகும் என்று விட்டுவிட்டேன். கர்ப்பம் பார்க்கிற அட்டைகள் என் பையிலேயே இருந்தன. ஊருக்கெல்லாம் பார்த்தவள் எனக்குப் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் கணக்கில் வராததைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும்.

அந்த ஊரில் காளியம்மா என்று ஒருத்தி. தடுப்பூசி நாளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருபவள் அவள்தான். சம்பளம் கிடையாது. யாரும் அவளைக் கேட்டுக்கொண்டதும் கிடையாது. என் முகத்தைப் பார்த்தவுடன் நின்றுவிட்டாள்.

"இன்னா நர்சம்மா, மூஞ்சி சுண்ணாம்பாட்டம் கீது?"

"ஒண்ணுமில்ல காளியம்மா, வெயிலு."

"வெயிலா? இன்னும் பனியே கலையல, வெயிலாம்!"

நான்காவது குழந்தைக்கு ஊசி போட எழுந்தேன். தரை மேலே வந்தது. விழுந்தபோது வலிகூடத் தெரியவில்லை. காது அடைத்து, கூட்டத்தின் சத்தம் தூரத்தில் கேட்டது.

தாமதம் தாமதம் என்கிறார்களே, அதனால் இதைச் சொல்கிறேன். விழுந்த பத்து நிமிடத்துக்குள் என்னைக் கம்பளியில் போட்டு, இரண்டு முனையையும் மூங்கிலில் கட்டி, நான்கு பேர் தூக்கிவிட்டார்கள். முன்னால் ஒருவர் முள்ளை வெட்டிக்கொண்டே ஓடினார். ரோட்டில், வாடகைக்கு ஓட்டுகிற கோவிந்தனின் ஜீப் புளி மூட்டையும் ஆளுமாக நிறைந்து நின்றது. காளியம்மா கத்தின கத்தலில் மூட்டைகள் ஓரமாக உருண்டன, ஆட்கள் தாமாகவே இறங்கினார்கள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் ஏறினாள். "தூங்காத நர்சம்மா, பேசு. எங்களைத் திட்டுவியே, அதைத் திட்டு" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இளம்பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ரத்த அழுத்தம் பார்த்தார், சிறுநீரில் அட்டையை நனைத்தார். இரண்டு கோடு விழுந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தே புரிந்துகொண்டேன். கரு, கர்ப்பப்பைக்குள் தங்காமல் அதற்குப் போகும் குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்துவிட்டது. வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. உள்ளே ஆளைக் காலி செய்துகொண்டிருக்கும்.

இரண்டு கையிலும் பெரிய ஊசி குத்தி சலைன் ஓடவிட்டார். "அக்கா, என்னால செய்ய முடிஞ்சது இவ்ளோதான். இது தண்ணி. அழுத்தத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும். ஆக்ஸிஜனை இது சுமக்காது. உங்களுக்கு ரத்தம் வேணும், ஆபரேஷன் வேணும். ரெண்டும் கீழதான் இருக்கு" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

அந்த அறையின் மூலையில் ஒரு ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. தடுப்பூசி ஃபிரிட்ஜ். இரண்டிலிருந்து எட்டு டிகிரி. காலையிலும் மாலையிலும் அதன் வெப்பநிலையைக் குறித்து வைப்போம். மின்சாரம் போனால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. பதினொரு வருடத்தில் ஒரு மருந்து கெட்டதில்லை. ரத்தமும் கிட்டத்தட்ட அதே குளிரில்தான் இருக்க வேண்டும். அதற்கென்று தனி ஃபிரிட்ஜ், பொருத்தம் பார்க்கத் தெரிந்த ஓர் ஆள், ஓர் உரிமம். இவ்வளவுதான் வேண்டும். பலமுறை எழுதிக் கேட்டிருக்கிறோம். இந்த நிலை மருத்துவமனைக்கு அது இல்லை என்று பதில் வந்தது. இந்த நிலை மனிதர்களுக்கு இல்லை என்று நான் அதைப் படித்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸில் மலை இறங்கினோம். வளைவுக்கு வளைவு உடம்பு உருண்டது. கீழே ஒரு மருத்துவமனை. பெயர் சொல்லப்போவதில்லை, சொன்னால் அந்த ஒரு இடத்தோடு விஷயம் முடிந்துவிடும். அங்கே ரத்தம் வைக்கும் அறை இருந்தது. பலகை இருந்தது. உள்ளே ரத்தம் இல்லை. அபூர்வமான குரூப் கேட்டோமா? ஓ பாசிட்டிவ். தெருவில் கல்லெறிந்தால் அந்த குரூப்காரர் மேல்தான் விழும். "ஸ்டாக் வரல" என்றார்கள். அங்கேதான் அந்த டாக்டர் என்னைப் பார்த்து ஏன் தாமதம் என்று கேட்டார். கேட்டுவிட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்தை எழுத உட்கார்ந்தார். கடிதத்துக்கு முத்திரை தேட, ரெஜிஸ்டரில் பதிய, கையெழுத்து வாங்க என்று நாற்பது நிமிடம் போனது. எனக்கு நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. நிமிடத்தை எண்ணியது காளியம்மா. அவளிடம் கடிகாரம் இல்லை. சுவரில் இருந்ததைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டுக் கேட்டு எண்ணியிருக்கிறாள்.

பெரிய மருத்துவமனையில் நேராகத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அங்கிருந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்ல மாட்டேன். இருந்த இரண்டு பை ரத்தத்தை ஏற்றிக்கொண்டே வயிற்றைத் திறந்து, வெடித்த குழாயை எடுத்துவிட்டுக் கட்டினார்கள். முடிந்தபின் பார்த்த ஹீமோகுளோபின் மூன்று புள்ளி நான்கு. அந்த எண்ணை நான் யாருடைய அட்டையிலும் எழுதியதில்லை. எழுதும் அளவுக்கு உயிரோடு யாரும் என்னிடம் வந்ததில்லை.

அந்த நேரத்தில் என் கணவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "இன்னும் நாலு பை வேணும், ஆள் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒரு பை கொடுத்தார். செங்கத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். அவர்கள் வந்து சேரும் வரை சும்மா நிற்க முடியாமல், மருத்துவமனை எதிரில் இருந்த மருந்துக்கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறார்.

"செயற்கை ரத்தம் இருக்குதாங்க? பவுடரா வரும், தண்ணியில கலந்து ஏத்தறது. எந்த குரூப்புக்கும் போடலாமாம்."

எப்போதோ அவர் போனில் வந்த வீடியோ. முதல் கடைக்காரர் சிரித்தார். இரண்டாவது கடைக்காரர் சத்து டானிக் எடுத்து வைத்தார். மூன்றாவது கடையில், "எந்த டாக்டர்யா எழுதிக் குடுத்தான்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்து கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றாகக் கம்பி கட்டி மறுபடியும் ஓடவைப்பவர் அவர். ஒரு பொருள் இருக்கிறது என்று தெரிந்தால் அது எங்காவது கிடைக்கும் என்று நம்புகிறவர். ஐந்தாவது கடையிலிருந்து இறங்கி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுததாக அவரே சொன்னார். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மலையிலிருந்து கோவிந்தனின் ஜீப் வந்தது. பதினாலு பேர். காளியம்மா திரும்பிப் போய், ஒரே இரவில் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். நடந்ததைச் சேகர்தான் சொன்னார்.

ரத்த வங்கியில் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து விரலைக் குத்தினார்கள். பன்னிரண்டரைக்குக் கீழே இருந்தால் ரத்தம் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. எடையும் நாற்பத்தைந்து கிலோ இருக்க வேண்டும். ஒன்பது. பத்து. எட்டரை. ஒரு ஆளுக்குப் பதினொன்று. பதினாலு பேரில் மூன்று பேர் தேறினார்கள். காளியம்மாவுக்கு எட்டு.

"எடும்மா, நான் குடுக்கறேங்கறேன் இல்ல" என்று கையை நீட்டிக்கொண்டே நின்றாளாம்.

"முடியாதும்மா. உங்களுக்கே ரத்தம் இல்ல" என்றாள் அந்த லேப் பெண்.

"ரத்தம் இல்லாமயா எட்டு மைல் நடந்து வெறவு எடுத்தாறேன்? எங்க ரத்தத்துக்கு இன்னா கொற? மலைக்காரி ரத்தம்னு வேணாங்கறியா?"

யாராலும் அவளைச் சமாதானப்படுத்த முடியவில்லை. மருந்துக்கடையில் கூனிக்குறுகிப்போன என் கணவர், அங்கே அவளைக் கும்பிட்டாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த எட்டும் ஒன்பதும் எனக்குப் புதிதல்ல. மாதாமாதம் நானே எழுதி மேலே அனுப்பிய எண்கள். அவற்றைக் கூட்டி, பட்டியல் போட்டு, வண்ண அட்டவணையாக்கி, எங்கோ ஒரு கூட்டத்தில் திரையில் காட்டியிருப்பார்கள். பதிலுக்கு எங்களுக்கு வந்தது மேலும் மாத்திரை, மேலும் ரெஜிஸ்டர். ஒரு மலையே ரத்தம் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. அந்த மலையில் ஒருத்திக்கு ரத்தம் வேண்டுமென்றால், அதே மலைக்காரர்களை வரிசையில் நிற்கவைத்துக் கேட்கிறார்கள்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். கழிவறைக்குப் போக எழுந்தால்கூட நெஞ்சு படபடத்தது. காதுக்குள் என் நாடித் துடிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே பஸ் ஏறி வந்து, என் தலையில் சிக்கெடுத்துப் பின்னிவிட்டு, கடைசி பஸ் பிடிப்பாள். பக்கத்துக் கட்டில் பெண்ணின் மாமியார் எனக்கும் சேர்த்து ராகிக் கஞ்சி கொண்டுவந்தார். நான் யார் என்றுகூட அவர் கேட்கவில்லை.

நான்காவது பை ஏறும்போது எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தம் ஏற்றினால் சிலருக்கு அப்படி வரும். அதைப் பார்க்க ரத்த வங்கி டாக்டரே மேலே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், அவசரமில்லாமல் பேசினார். காய்ச்சல் அடங்கியதும் கேட்டேன்.

"சார், எங்க வூட்டுக்காரர் கடை கடையா கேட்டுட்டு வந்தாரு. செயற்கை ரத்தம்னு ஒண்ணு நெஜமாவே இருக்குங்களா?"

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இருக்குன்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம். குரூப்புங்கறது சிவப்பணுவோட தோல்மேல இருக்கற அடையாளம். தோலை நீக்கிட்டு, உள்ள இருக்கற ஹீமோகுளோபினை மட்டும் எடுத்துட்டா குரூப்பே கிடையாது. யாருக்கு வேணா ஏத்தலாம். மாட்டு ரத்தத்துல இருந்து எடுத்திருக்காங்க. தேதி முடிஞ்சு வீணாப்போற மனுஷ ரத்தத்துல இருந்தும் எடுத்திருக்காங்க. சில வகையை ஃபிரிட்ஜ் இல்லாமலே மாசக்கணக்குல வெக்கலாம்."

"அப்புறம் இன்னா சார் கஷ்டம்?"

"சிவப்பணுவுக்குள்ள இருக்கற வரைக்கும் அது சாது. வெளிய விட்டா உடைஞ்சு கிட்னியைக் கெடுக்குது. சரின்னு, உடையாம ஒண்ணோட ஒண்ணு பிணைச்சுப் பாத்தாங்க. இன்னொரு தொல்லை வந்தது. ரத்தக்குழாய் இறுகாம இருக்க, உடம்பு நைட்ரிக் ஆக்ஸைடுன்னு ஒரு வாயுவைச் சுரக்குது. வெளிய திரியற ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிடும். குழாய் சுருங்கும், பி.பி. ஏறும். சிலபேருக்கு மாரடைப்பு வந்தது. நிறையக் கம்பெனி பாதியிலேயே விட்டுட்டாங்க. இப்ப அதைக் கொழுப்பு உறைக்குள்ள அடைச்சு, பவுடராக்கி, மறுபடியும் முயற்சி நடக்குது. சோதனையிலதான் இருக்கு. அதுவும் உடம்புல ஒரு நாள், கூடப்போனா ரெண்டு நாள்தான் நிக்கும். அப்புறம் நிஜ ரத்தம் ஏத்தித்தான் ஆகணும்."

"ஒரு நாளா சார்?" என்றேன். "எங்களுக்கு நாலு மணி நேரம் போதும். மலையில இருந்து இங்க வந்து சேர்ற வரைக்கும்."

அவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நான் விடவில்லை.

"ரத்தத்தோட வெச்சுப் பாத்தா இது மட்டம்னு சொல்றீங்க. சரி. பக்கத்து ரூம்லயே ரத்தம் வெச்சிருக்கறவங்களுக்கு அது மட்டம்தான். ரத்தமே இல்லாத எடத்துல எதோட சார் வெச்சுப் பாப்பீங்க? சலைன் தண்ணியோடயா, சாவோடயா?"

"நியாயமான கேள்விம்மா. வேற வழியே இல்லாத நோயாளிக்குன்னு தனியா அனுமதி வாங்கி, சில நாட்டுல குடுத்திருக்காங்க. பொழைச்சவங்களும் இருக்காங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா நாளைக்கு ஒரு கம்பெனி, உங்க மலையிலேயே சோதனை பண்றோம்னு வந்தா? மயங்கிக் கெடக்கற பொம்பளைகிட்ட யாரு சம்மதம் கேப்பாங்க? கைநாட்டு வாங்கிட்டு ஏத்திட மாட்டாங்களா? அதையும் நெனைச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். வார்டின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அன்று பகல் முழுதும் அதைத்தான் நினைத்தேன். அவர் சொன்னது சரி. மலைக்காரர்களை எலியாக்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்குப் பதில், எங்களை எதிலும் சேர்க்காமல் விடுவதா? ஊர் கூடுகிற நாளில் வந்து, எங்களுக்குப் புரிகிற பேச்சில், இதில் மாரடைப்பும் வரலாம், உயிரும் தப்பலாம் என்று இரண்டையும் சொல்லிக் கேட்கட்டுமே. காளியம்மா கேட்கிற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லட்டுமே. அப்படி யாரும் வந்து கேட்டதில்லை. சோதனைக்கும் வேண்டாம், ரத்தத்துக்கும் வேண்டாம் என்றால் நாங்கள் எதற்குத்தான் வேண்டும்?

ஏழாம் நாள் ஓர் அதிகாரி ஆப்பிளும் ஆட்களுமாக வந்தார். நான் சுகாதாரத் துறைப் பணியாளர் ஆயிற்றே. "கவலைப்படாதீங்கம்மா. இனிமே எல்லாம் டெக்னாலஜி. ட்ரோன்ல ரத்தம் பறந்து வரும். செயற்கை ரத்தமே வரப்போகுது" என்றார். வரட்டும், சந்தோஷம்தான். பவுடர் ரத்தம் வருகிற வரை ஃபிரிட்ஜ் ரத்தத்தை யார் தடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அவரோடு வந்திருந்த ஒருவர் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பிய பெண்களுக்கென்று ஒரு விசாரணைப் படிவம் உண்டு. அதில் தாமதத்துக்கு மூன்று கட்டம்: வீட்டில், வழியில், மருத்துவமனையில். முதல் கட்டத்தில் டிக் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வரி: "நோயாளி தாமதமாக வந்தார்."

கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்று சொன்னேன். காரணம் கோபம் மட்டும் அல்ல. அந்தப் படிவம் எனக்குத் தெரியும். அதன் அண்ணன் மாதிரி இன்னொரு படிவம் உண்டு, இறந்துபோன பெண்களுக்கானது. அதில் அதே மூன்று கட்டம். அதே முதல் கட்டத்தில் என் கையால் டிக் போட்டிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு. காளியம்மாவின் தங்கை பொன்னி. வலி எடுத்தவுடன் ஜீப் ஏற்றினார்கள். வழியிலேயே பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபின் ரத்தம் நிற்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டோம், சலைன் போட்டோம். ஆம்புலன்ஸில் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் போனேன். நிஜ ரத்தம் இருந்த இடம் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, என் கைக்கடியில் அவள் அடங்கிப்போனாள். மறுவாரம் படிவம் வந்தது. "வீட்ல லேட்டுன்னு போட்டுடு ஜெயந்தி. இல்லன்னா நமக்குத்தான் கேள்வி வரும்" என்று மேலே இருந்த ஒருவர் சொன்னார். போட்டேன். கை நடுங்கியது என்றெல்லாம் எழுதி நல்ல பேர் வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நடுங்கவில்லை. அன்று இன்னும் ஏழு ரெஜிஸ்டர் பாக்கி இருந்தது.

பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். விழுந்த நேரம், தூக்கிய நேரம், ஆரம்ப சுகாதார நிலையம், கீழே காத்திருந்த நாற்பது நிமிடம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, படிவத்தை மறுத்ததற்குக் காரணம் என்று மேலே அனுப்பினேன். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதற்கும் பதில் எழுதினேன், அதே நேரங்களை மறுபடியும் வரிசையாக. ஃபிரிட்ஜ் இதுவரை வரவில்லை.

இரண்டரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். ஹீமோகுளோபின் பத்து. முதல் வேலையாகக் காளியம்மா வீட்டுக்கு நடந்தேன். நடு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்துதான் போக முடிந்தது. அவள் வாசலில் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொன்னியின் மகள் கொட்டைகளைச் சேர்த்து வைத்து விளையாடினாள்.

"வா நர்சம்மா. ஒடம்பு தேறிச்சா? குந்து."

உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். பொன்னி செத்ததுக்குக் காரணம் நீங்கள் தாமதமாகக் கொண்டுவந்தது என்று பேப்பரில் நான்தான் எழுதினேன் என்று. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அன்று அந்தப் பேப்பரில் அவளிடம்தான் கைநாட்டு வாங்கியிருந்தேன்.

காளியம்மாவின் கை நின்றுவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாங்க லேட்டா இட்டாந்தமா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"வலி வந்ததும் கௌம்பிட்டமே. அவ புருசன் சட்டகூடப் போடல."

"தெரியும் காளியம்மா."

"அந்தக் காயிதத்துல இப்பத் திருத்தி எழுத முடியாதா?"

முடியாது என்றேன். அது மேலே போய் முடித்து வைத்த கோப்பு. யாரும் திறக்க மாட்டார்கள்.

அவள் மறுபடியும் புளியை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அப்ப வேற காயிதத்துல எழுது."

எழுதுகிறேன். அவள் பெயர் பொன்னி. வயது இருபத்துமூன்று. வலி எடுத்த உடனே வீட்டை விட்டுக் கிளம்பினாள். அவள் தாமதமாக வரவில்லை.